தரையிறங்கும் பக்கம்

நெளுக்குளம், வவுனியா
09.01.2025

தர்மிளாவுக்கு,

உறையின் பின்பக்கத்தில் என் பெயரைக் கண்டதும் நீ இதை அடுப்புக்குள் போட்டிருந்தால், நான் இப்போது சாம்பலோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன். போடவில்லை என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. நம்முடைய கம்ப்யூட்டர் சென்டரில் காவலுக்கு இருந்த ராஜரத்தினம் அண்ணையைச் சந்தையில் கண்டேன். “தர்மிளாப் பிள்ளை ஜெயபுரத்திலைதான் இருக்கிறா. லாண்ட்மாஸ்டர் ஓட்டுறா. உழவெண்டால் ஊரே அவாவைத்தான் கூப்பிடுது” என்றார். விலாசமும் அவர் தந்ததுதான்.

நான் மறுபடி பிளேன் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். சிரிக்காதே. இங்கே ஒரு டியூசன் சென்டருக்கு நாற்பது சட்டை தைத்துக் கொடுத்தேன். அவர்கள் புதுக் கம்ப்யூட்டர் எடுத்துவிட்டுப் பழையதை மூலையில் குவித்திருந்தார்கள். கூலிக்குப் பதிலாக அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். என் மனுசன் ஜெயந்தனை உனக்குத் தெரியாது. அரிசி ஆலையில் மெசின் பார்க்கிறவர். “வீட்டிலை தண்ணி மோட்டருக்கு வழியில்லை, ராசாத்திக்குப் பிளேன் கேக்குது” என்றார். அப்படிச் சொன்னவர்தான் அடுத்த நாள் அதைக் கழற்றித் தூசி ஊதித் தந்தார். சீடித் தட்டு திறக்க மறுத்தது. குண்டூசியால் குத்தித் திறந்தேன்.

சென்டரை மூடியபோது சீடியை நான் எடுத்தேன், ஓட்டும் முறையை எழுதிய கொப்பியை நீ எடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? நன்கொடையாக வந்த கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் யாரோ எடுக்க மறந்துபோன விமான விளையாட்டுச் சீடி. பின்னேர வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும் நான் ஓட்டுவேன், நீ கொப்பியைப் பார்த்து வாசிப்பாய். சத்தத்தை மூடிவிட்டுத்தான் ஓட்டுவோம். யுத்தம் முடிந்த புதிது, அந்த நாளில் பிளேன் சத்தம் கேட்டால் பக்கத்து வளவுச் சனமெல்லாம் முற்றத்துக்கு ஓடிவந்து வானத்தைப் பார்க்கும்.

ஜோய்ஸ்டிக் வாங்க வசதியில்லை. பழைய சாமான் கடையில் பட்டன் தேய்ந்த கேம்பேட் ஒன்று அகப்பட்டது. அதன் வயிற்றைத் திறந்து, பழைய ரேடியோக்களில் இருந்து கழற்றிய வொலியூம் குமிழ்களை ஜெயந்தன் அதில் பற்றவைத்துத் தந்தார். உடைந்த குடையின் பிடிதான் என் ஜோய்ஸ்டிக். பிளேனின் வாலைத் திருப்பக் கால்மிதி வேண்டுமே, அதற்குப் பழைய தையல் மெசினின் மிதிபலகை. எல்லாம் தயார். ஆனால் எதற்குப் பிறகு எது என்ற வரிசைதான் நினைவில் இல்லை. யூடியூப்பில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். ‘எஞ்சின் விசை, இறக்கை மடல்’ என்று அவர்கள் சொன்னால் எனக்கு ஏறுதில்லை. நாங்கள் எழுதிவைத்த ‘மூச்சைக் கூட்டு, மூக்கை நிமிர்த்து, சேலைத் தலைப்பை ஒரு படி இறக்கு’ என்றால்தான் எனக்கு விளங்கும்.

கொப்பியைத் தருவாயா? போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன்.

அன்றைக்கு அம்மா செய்ததை இன்னும் மனதில் வைத்திருக்காதே. அம்மா அந்தக் காலத்து மனுசி. அவவை மாற்ற ஏலாது.

பிரியந்தினி


ஜெயபுரம்
28.01.2025

பிரியந்தினிக்கு,

அடுப்பில் போடவில்லை. எங்கள் வீட்டில் இப்போது காஸ் அடுப்பு.

கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. அதே தடித்த அட்டை சீ.ஆர். கொப்பி. ஒவ்வொரு பொங்கலுக்கும் அலுமாரி துடைக்கிறபோது வெளியே எடுப்பேன், துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பேன். எறியவில்லை. ஏனென்று கேட்காதே.

உனக்குக் கொப்பி தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் இருந்த முப்பத்திரண்டு பிள்ளைகளின் பிறந்த திகதியையும் பாராமல் சொன்னவள் நீ. எந்தச் சுவிட்ச் முதல் என்பது மறந்துபோச்சாம்! கொப்பி ஒரு சாட்டு. ஆனாலும் பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு சாட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய். அதற்காக முதல் பக்கத்தை மட்டும் கிழித்து இத்தோடு வைக்கிறேன். ‘இயந்திரத்தை எழுப்புதல்.’ மிச்சப் பக்கங்கள் உன் கடிதங்களைப் பார்த்துத்தான்.

நம்பரைக் கேட்டு ராஜரத்தினம் அண்ணையை அலைக்கழிக்காதே. நான் போனில் கதைக்கமாட்டேன். உன் குரலைக் கேட்டால் மன்னித்துவிடுவேன். எனக்கு இன்னும் மன்னிக்க விருப்பமில்லை.

அறுவடை நெருங்குகிறது. இனி எழுதச் சுணங்கும்.

தர்மிளா


நெளுக்குளம்
06.02.2025

அன்புள்ள தர்மிளா,

‘அன்புள்ள’ என்று போட்டுவிட்டேன். பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு வாசி.

நன்றி. முழுக் கொப்பியும் வந்திருந்தால்கூட இவ்வளவு சந்தோசப்பட்டிருப்பேனா தெரியாது. உன் உருண்டைக் கையெழுத்தைப் பார்த்ததும் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வரியாகச் செய்தேன். எட்டாவது வரியில் காற்றாடி ஒருதரம் தடுமாறிச் சுற்றத் தொடங்கியது. ஆசைக்குச் சத்தத்தையும் திறந்தேன். அறைக்குள் இருந்து அம்மா, “உதை நிப்பாட்டு பிள்ளை, குண்டு போட வாற மாதிரிக் கிடக்கு” என்றா. நிற்பாட்டிவிட்டேன். ஒரு காது மட்டும் வேலை செய்கிற ஹெட்போன் இருக்கிறது. அதுவே போதும்.

நீ அடுத்த பக்கத்தை அனுப்ப முந்தியே நான் களவாகப் பறந்து பார்க்கப் போய் மானம் போன கதையையும் சொல்ல வேண்டும். எஞ்சின்தான் ஓடுகிறதே, கொஞ்சம் உருட்டிப் பார்ப்போம் என்று மூச்சைக் கூட்டினேன். பிளேன் இடக்கைப் பக்கம் போகுது, வலக்கைப் பக்கம் போகுது, திரும்ப இடக்கைப் பக்கம். நேராக ஓரடி போகவில்லை. குடைப்பிடியைச் சரிபார்த்தேன், வயரைச் சரிபார்த்தேன். கடைசியில் மகள் யதுர்ஷிகா மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “அம்மா, நீங்கள் மெசின் மிதிக்கிறியள்” என்றாள். இருபது வருசம் தைத்த கால் அல்லவா? பலகையில் வைத்ததும் தன்பாட்டுக்கு மிதிக்கத் தொடங்கிவிட்டது. ஜெயந்தன் கதவடியில் நின்று, “உது பிளேனில்லை, கள்ளுக் குடிச்ச தாராக் குஞ்சு” என்கிறார்.

உன்னைப்பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எத்தனை பிள்ளைகள்? அப்பா சுகமா?

இரண்டாம் பக்கத்துக்குத் தகுதியான கடிதமா இது? நீயே சொல்.

பிரியந்தினி


ஜெயபுரம்
24.02.2025

பிரியந்தினி,

உன் கடிதம் வந்தபோது நான் வரம்பில் லாண்ட்மாஸ்டரை நிறுத்திவிட்டு ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அங்கேயே வாசித்தேன். மெசின் மிதித்த இடத்தில் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். உன்மேல் கோபமாக இருக்கிறபோது நீ என்னைச் சிரிக்கப் பண்ணுவது புதிதில்லை. அப்பாவுக்கும் அந்த இடத்தை வாசித்துக் காட்டினேன். “அந்தப் புள்ளைக்கு எப்பவும் காலு சும்மா இருக்காதே” என்று அவரும் சிரித்தார். சுகமாக இருக்கிறார். கண்தான் மங்கல்.

என் மனுசன் வினோதனுக்குக் கிளிநொச்சியில் மேசன் வேலை. ஒரு மகன், மதுசன், எட்டு வயது. நிலம் இரண்டு ஏக்கர், அதோடு கச்சான் கடலை. உழவு என் கையில்.

உன் மிதிபலகைக்கு வைத்தியம் சொல்கிறேன். பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு வார் வெட்டு. பலகையின் இரண்டு பக்கமும் கட்டி, மற்ற நுனிகளை மேசைக் காலில் இறுக்கு. நீ அழுத்தினால் போகும், விட்டால் தானாக நடுவுக்கு வரும். எதிர்ப்பு இருந்தால் கால் மிதிக்க நினைக்காது. லாண்ட்மாஸ்டரில் தளர்ந்த பிடிக்கு நான் செய்கிறது இதுதான்.

இரண்டாம், மூன்றாம் பக்கங்கள் இத்தோடு இருக்கின்றன. ஓடுபாதைக்குப் போவதும் மேலெழும்புவதும். வேகம் ஐம்பத்தைந்து காட்டும் வரைக்கும் மூக்கை நிமிர்த்தாதே. உனக்கு எப்போதும் அவசரம். ‘மூக்கை நிமிர்த்து’ என்று நான் வாசித்த ஒவ்வொரு முறையும், மூக்கன் என்ற என் அப்பாவின் பெயரைச் சொல்லி நீ சிரிப்பாய், அதுவும் நினைவு வந்தது. அது எனக்குக் கோபம் வராத சிரிப்பு.

இனி நான் ஒன்று கேட்கிறேன். என் கலியாணத்துக்கு நீ ஏன் வரவில்லை?

தர்மிளா


நெளுக்குளம்
12.03.2025

அன்புள்ள தர்மிளா,

பறந்துவிட்டேன்!

ரியூப் வைத்தியம் அற்புதம். பிளேன் கோடு போட்டமாதிரி நேராக ஓடியது. ஐம்பத்தைந்து காட்டியதும் மூக்கை நிமிர்த்தினேன். வவுனியா ஓடுபாதை கீழே போச்சுது. பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு தர்மிளா. எனக்கு வாய்விட்டுக் கத்தவேணும் போல இருந்தது. கத்தினேன். தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்க வந்திருந்த மனுசி பயந்துபோனா.

ஏ-ஒன்பது ரோட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனேன். கனகராயன்குளம் நீலப்பொட்டு மாதிரி வந்து போனது. மாங்குளம், முறிகண்டி. இரணைமடு பெரிதாகத் தெரிந்தது. அதிலே மேற்கே திருப்பி உன் ஊரைத் தேடினேன். ஒன்றுமில்லை. வெறும் பச்சை. ரோடில்லை, வீடில்லை, ஒரு மாடுகூட இல்லை. நீ உழுகிற காணி இதற்குள் எங்கேயோ இருக்கும் என்று மூன்று வட்டம் அடித்தேன்.

பிறகுதான் தெரிந்தது, என்னிடம் இறங்குகிற பக்கம் இல்லை என்று. பச்சைக்கு மேலே நின்றுகொண்டே கம்ப்யூட்டரை அணைத்தேன். யதுர்ஷிகா பார்த்துக்கொண்டிருந்தவள், “அம்மா, அதுக்குள்ளை இருந்த ஆக்கள் எங்கை?” என்று கேட்டாள். விளையாட்டுத்தானே என்றேன். அவள் முகம் சரியில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது. ஏறுகிறேன், சுற்றுகிறேன், வானத்திலேயே அணைக்கிறேன்.

கலியாணத்துக்கு வராததற்கு என்ன சொல்ல? அம்மா விடவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் அம்மா உங்களை நடத்திய முறைக்குப் பிறகு உன் முகத்தில் எப்படி முழிப்பது என்றும் இருந்தது. அம்மாவுக்காக நான் எத்தனையோ தடவை வெட்கப்பட்டிருக்கிறேன். அதை நீ நம்ப வேண்டும்.

பிரியந்தினி


ஜெயபுரம்
30.03.2025

பிரியந்தினி,

இந்த முறை பக்கம் இல்லை.

உன் மூன்று கடிதத்தையும் வரிசையாக வைத்துத் திரும்ப வாசித்தேன். அம்மா, அம்மா, அம்மா. சரி, நான் கண்டதை எழுதுகிறேன். நீ அங்கே நின்றாய், ஆனாலும் எழுதுகிறேன்.

2013 ஆவணி. நானும் அப்பாவும் கலியாணம் சொல்ல வெற்றிலைத் தட்டத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தோம். அப்பா வெள்ளைச் சேட்டை முதல் நாளே தோய்த்து அயர்ன் பண்ணிவைத்திருந்தார். விறாந்தையில் கதிரை போட்டீர்கள். பக்கத்து வீட்டு டீச்சரும் இருந்தா. உன் அம்மா என்னோடு மழையைப்பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தா. இருந்த கதிரையால் அவ எழும்பவேயில்லை. குசினிக்குள் போனது நீ. தேத்தண்ணி கொண்டுவந்ததும் நீ.

அம்மாவுக்கும் டீச்சருக்கும் பூப்போட்ட கோப்பை. எனக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கொரு தகரப் பேணி. குசினிக் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்குமே, கிணறு இறைக்கிறவர்களுக்கும் விறகு கொத்துகிறவர்களுக்கும் என்று, அந்தப் பேணி. கோப்பை தட்டுப்பாடு என்று சொல்லாதே. கண்ணாடி அலுமாரிக்குள் இன்னும் நாலு இருந்தது. நான் எண்ணினேன்.

மூன்று வருசம் சென்டரில் பிளாஸ்க் மூடி ஒன்றில் மாறி மாறித் தேத்தண்ணி குடித்தவர்கள் நாங்கள். அங்கே நான் தர்மிளா. உங்கள் வளவுக்குள் வந்ததும் நான் தேயிலைத் தோட்டக்காட்டிலிருந்து வந்த ஆட்களின் பிள்ளை.

பேணி சுட்டது. அப்பா சால்வையால் பிடித்துக் குடித்தார். குடித்து முடித்து, “நல்ல தேத்தண்ணி புள்ள” என்று உன்னைப் பார்த்துச் சொன்னார். பஸ்ஸில் கனகராயன்குளம் வரும்வரை வெற்றிலைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தப் புள்ள ஞாபகமில்லாம எடுத்துருச்சு” என்றார். நீ எதையும் ஞாபகமில்லாமல் செய்கிறவள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அம்மா இல்லை பிரியந்தினி. உன் கை. அதைச் சொல்லாமல் நீ எத்தனை வட்டம் அடித்தாலும் ஜெயபுரத்தில் இறங்க இடமில்லை.

தர்மிளா


நெளுக்குளம்
21.04.2025

தர்மிளா,

ஓம். என் கை.

மூன்று கிழமையாக இதை எழுத இருந்து, எழுதி, கிழித்து, வருசப் பிறப்பும் போய்விட்டது. இனிக் கிழிக்கமாட்டேன்.

தேயிலையை வடித்துவிட்டு நான் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்கள் இல்லாதவர்கள் வந்தால் கை அந்த ஆணிக்குப் போகும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் போய்ப் பழகியது, மிதிபலகையில் வைத்த கால் மாதிரி. இவ்வளவும் உண்மை. ஆனால் இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கமுடியாதது. தட்டத்தோடு விறாந்தைக்கு வந்து, உன் அப்பா பேணியைக் கையில் எடுத்ததைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. திரும்பிப் போய்க் கோப்பை எடுத்து வர ஒரு நிமிசம் போதும். அந்த ஒரு நிமிசம் என்னிடம் இருந்தது. போனால் டீச்சர் என்னவென்று பார்ப்பாவே, அம்மா ஏனென்று கேட்பாவே என்று அப்படியே நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். நான் தட்டத்தைப் பார்த்தேன்.

கலியாணத்துக்கு அம்மா போகவேண்டாம் என்று சொல்லவேயில்லை. “போறியோ?” என்று மட்டும்தான் கேட்டா. நான்தான் தலையிடி என்று படுத்தேன். பிறகு பன்னிரண்டு வருசம் எல்லாவற்றையும் அம்மாவின் தலையில் போட்டுவைத்தேன். வயதுபோன மனுசி, சுமந்தா.

உன் கடிதம் வந்த அன்று போய் அவவிடம் சொன்னேன். “அம்மா, தர்மிளா வந்த நேரம் பேணியை எடுத்துக் குடுத்தது நான்.”

“அதுக்கென்ன இப்ப?” என்றா. இரண்டு கீரைத் தண்டை ஆய்ந்து முடித்தா. பிறகு, “நான் கண்டனான் பிள்ளை. கண்டும் ஒண்டும் சொல்லேல்லை” என்றா. அவ்வளவுதான். இதைவிட அவவால் ஏலாது என்று நினைக்கிறேன்.

பேணி இன்னும் அந்த ஆணியிலேயே தொங்கியது. ஒன்றை எடுத்து அதில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். எங்கே பிடித்தாலும் சுடுகிறது. விளிம்பு உதட்டைச் சுடுகிறது. நான் ஒரு நாளும் அதில் குடித்ததில்லை, தர்மிளா. அதனால் சுடும் என்பதே எனக்குத் தெரியாது. இனி என் தேத்தண்ணி அதில்தான்.

உன் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். உன்னிடமும் கேட்கிறேன். பக்கம் கேட்கவில்லை. பிளேனைத் தொட்டு ஒரு மாதமாகப் போகிறது.

பிரியந்தினி


ஜெயபுரம்
10.05.2025

அன்புள்ள பிரியந்தினி,

முதலில் அந்தப் பேணியில் குடிப்பதை நிற்பாட்டு. வாயைச் சுட்டுக்கொண்டு புண்ணியம் தேடுகிறாயா? தகரம் என்ன பாவம் செய்தது? அதில் தையல் பொத்தான் போட்டு வை.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். ‘ஒரு நிமிசம் இருந்தது’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். வேலிப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார். “இம்புட்டு நாளா நெஞ்சுல வச்சுக்கிட்டு இருந்திருக்கே, பாவம்” என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல். நெஞ்சில் வைத்திருந்தது நானும்தானே? ஆனால் அவர் சொன்ன பிறகுதான் நான் மூடிவைத்த வேறொன்று திறந்தது. அதையும் எழுதாவிட்டால் நானும் உன்னைப்போலப் பாதியை மறைக்கிறவள்.

2010இல் நான் அகதி முகாமிலிருந்து வந்தபோது என்னிடம் ஒரே ஒரு சட்டை. சென்டரில் மறுநாள் வேலை இன்டர்வியூவுக்குப் பெயர் பதிய வந்து ஓரமாக நின்றேன். நீ என்னை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தாய். எனக்குக் கூசியது. அடுத்த நாள் காலை ஒரு பையைத் தந்தாய். உள்ளே நீலப் பாவாடையும் வெள்ளை பிளவுஸும். அளவெடுக்காமல் கண்ணாலேயே பார்த்துத் தைத்திருக்கிறாய். தோள் ஒரு நூல் பிசகவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் அந்த வேலையை எடுத்தேன். அந்த வேலையில்தான் நான் திரும்ப ஆளானேன். அதற்கு நான் உனக்கு நன்றி சொல்லவேயில்லை. அப்போது வெட்கம், பிறகு கோபம். இப்போது சொல்கிறேன். நன்றி, பிரியந்தினி. அந்தப் பாவாடையின் துணி இன்னும் மதுசனின் தலையணை உறையாக இருக்கிறது.

பேணி தந்ததும் அந்தக் கைதான். பாவாடை தைத்ததும் அதே கைதான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குப் பன்னிரண்டு வருசம் பிடித்தது.

நாலாம், ஐந்தாம் பக்கங்களை வைத்திருக்கிறேன். நேராகப் பறப்பதும் உயரம் குறைப்பதும். தரையிறங்கும் பக்கத்தை அனுப்பமாட்டேன். கோபத்தில் இல்லை. அதைத் தபாலில் அனுப்ப என்னால் முடியாது. ஏனென்று அதைக் காணும்போது உனக்குத் தெரியும்.

31ஆம் திகதி சனிக்கிழமை அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வவுனியாவுக்கு வருகிறோம். காலைப் பஸ். கொப்பி என் பைக்குள் இருக்கும். அதுவரைக்கும் வானத்திலேயே சுற்றிக்கொண்டிரு. எண்ணெய் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்.

தர்மிளா

ஒன்று விட்டுப்போச்சு. சென்டரில் மூன்று வருசமும் ஓட்டுகிற கதிரை உனக்கு, வாசிக்கிற கதிரை எனக்கு. நான் ஒரு நாளும் ஓட்டினதில்லை. நீ கேட்கவும் இல்லை.


நெளுக்குளம்
05.06.2025

என் அன்புத் தர்மிளா,

சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை அதிலே இருந்த உனக்கே எழுதுவது விசர் வேலைதான். ஆனால் நீ முழு நேரமும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் நடந்த ஒன்றையும் நீ காணவில்லை. அதனால் எழுதுகிறேன்.

“நீ இரு, நான் வாசிக்கிறன்” என்று கதிரையை உனக்கு இழுத்துவிட்டதும் நீ என்னை ஒரு பார்வை பார்த்தாயே, இறங்கி முடியும் வரை அது மட்டும்தான் நீ என்னைப் பார்த்தது. பிறகு குடைப்பிடியை லாண்ட்மாஸ்டர் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். பிளேன் பாவம்.

உன் அப்பா புதுக் கண்ணாடியோடு உனக்குப் பின்னால் இருந்தார். ஓடுபாதை தெரியத் தொடங்கியதும் கதிரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். யதுர்ஷிகா அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, “பயப்பிடாதையுங்கோ தாத்தா, இண்டைக்கு இறங்கிற பக்கம் இருக்கு” என்றாள். அவர் தலையாட்டினார், கையை எடுக்கவில்லை.

நான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று, மூச்சைக் குறை. இரண்டு, தலைப்பை ஒரு படி இறக்கு. நான் “வேகத்தை அறுபத்தைந்துக்குக் கீழே விடாதே” என்று கத்த, நீ “தெரியும், பேசாமல் வாசி” என்றாய். அந்த நேரத்தில்தான் அம்மா அறையிலிருந்து வந்தா. காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவ. “நிப்பாட்டு” என்று சொல்லத்தான் வாறா என்று நினைத்தேன். ஏனென்றால் நாங்கள் சத்தத்தை மூட மறந்துவிட்டோம். அவ சொல்லவில்லை. உன் அப்பாவைப் பார்த்தபடி நின்றா. அவர் திரும்பி, “சொகமா இருக்கீங்களாம்மா?” என்றார். “இருக்கிறன்” என்றுவிட்டு அம்மா குசினிக்குப் போனா.

நீ முதல்தரம் தரையில் தட்டி எழும்பினாய், இரண்டாம் தரமும் எழும்பினாய், மூன்றாம் தரம் தங்கியது. உன் அப்பா கை தட்டினார். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது, நிறுத்து. பத்து, இயந்திரத்தை அணை. அத்தோடு உன் கையெழுத்து முடிந்தது. கீழே பச்சை மையில் இன்னொரு வரி இருந்தது. நான் எழுதினது. எழுதியதே எனக்கு மறந்துபோச்சு. எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறவளாம் நான்.

‘பதினொன்று. கதவைத் திறந்து இறங்கு. தேத்தண்ணி. பிளாஸ்க் மூடி ஒன்று, ஆள் இரண்டு.’

நான் ஏன் அந்த வரியை வாசிக்காமல் நின்றேன் என்று நீ திரும்பிப் பார்த்தாய். அப்போது நான் அழுததைத்தான் கண்டாய். அதற்கு முந்தியே அம்மா தட்டத்தோடு கதவடிக்கு வந்துவிட்டதை நீ காணவில்லை. பூப்போட்ட கோப்பை ஐந்து. ஆறாவதைக் கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும், அது உடைந்துவிட்டது. அவ முதலில் போனது உன் அப்பாவிடம். “சீனி காணுமோ பாருங்கோ” என்றா. அவர் வாயில் வைத்துவிட்டு, “நல்ல தேத்தண்ணிம்மா” என்றார். அம்மா தலை குனிந்துகொண்டு நின்றா. அந்த வார்த்தை அவவுக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.

ஆளுக்கொரு கோப்பை இருந்தும் நீ உன்னுடையதைத் தொடாமல் என்னுடையதைப் பறித்துப் பாதி குடித்துவிட்டுத் தந்தாய். அதற்கு அன்றைக்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி என்பது சின்னச் சொல். என்னிடம் அதுதான் இருக்கிறது, எடுத்துக்கொள்.

நீ போன பிறகு கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். உன் பிளேன் வவுனியா ஓடுபாதையில் கொஞ்சம் கோணலாக நின்றது. யதுர்ஷிகா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். நான் அணைப்பதற்கு முன்பு அவள் திரையை வடிவாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இப்ப நிப்பாட்டுங்கோ அம்மா. எல்லாரும் இறங்கியிட்டினம்.”

பிரியந்தினி